அசையாச் சொத்து

வெள்ளலையில் இடிக்க முடியாமல் போன முதல் கட்டிடம் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய சுங்கச் சாவடி. நான் அதைப் படம் எடுத்தது ஒரு வியாழக்கிழமை விடியலில். அடுத்த திங்கட்கிழமை இயந்திரம் வந்து தெற்குச் சுவரைத் தள்ளியது, எல்லோரும் பார்க்கத்தான் தள்ளியது, தூசி அடங்க மதியம் ஆனது. செவ்வாய்க்கிழமை காலையில் தெற்குச் சுவர் பழைய இடத்திலேயே நின்றது. அதிலிருந்த ஈரக்கறையும், கறைக்குப் பக்கத்தில் யாரோ கரியால் எழுதிப் பாதியில் விட்ட பெயரும், சுவரடியில் படுத்திருந்த வேப்பமர நிழலும்கூட அப்படியே இருந்தன, வேப்பமரத்தை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும்.

ஊர் இதற்கு அதிகம் ஆச்சரியப்படவில்லை. ஒப்பந்தக்காரர் ஓட்டுநரைத் திட்டினார், ஓட்டுநர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், மறுபடி இடித்தார்கள், மறுபடி விடிந்தது, மறுபடி சுவர் நின்றது. கடைசியில் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். டீக்கடைக்காரர் தன் தள்ளுவண்டியை மரமில்லாத அந்த நிழலுக்குள் நகர்த்திக்கொண்டார், ஏனென்றால் மற்ற நிழல்களெல்லாம் மதியத்தில் ஓடிப்போய்விடுகின்றன, இது ஓடாது. ஒரே வாரத்தில் ஆட்டோக்காரர்கள் அங்கே சீட்டு ஆடினார்கள். கல்யாணப் பேச்சு ஒன்றும் அங்கேதான் முடிந்தது.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குப் புதுச்சாலை வருகிறது, சாலை வரும் வழியில் உள்ள பழைய கட்டிடங்களை இடிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும், அதையும் பிலிமில்தான் எடுக்க வேண்டும் என்று மேலே எங்கோ ஓர் உத்தரவு இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் பெயர் செந்தூர்கனி. கிடைத்த வேலை எங்கே போய்விடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள். அலுவலகத்தில் கொடுத்த கேமரா ஒரு மரப்பெட்டி, நடுவில் தோல் துருத்தி, மூன்று கால், மேலே போர்த்திக்கொள்ளக் கறுப்புத் துணி. துணிக்குள் தலையை விட்டால் பின்பக்கக் கண்ணாடியில் கட்டிடம் தலைகீழாகத் தொங்கும், வானம் கீழே இருக்கும். செங்கலின் கீறல்கூடத் தெரிய வேண்டும் என்பதால் லென்ஸின் துளையை ஊசிமுனை போலக் குறுக்குவோம். அதனால் மூடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம், ஒரு பானைக் கஞ்சி கொதித்துப் பொங்குகிற நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அசையாமல் இருப்பது எல்லாம் படத்தில் விழும். அசைவது எதுவும் விழாது. சாலையில் ஊர்வலமே போனாலும் படத்தில் சாலை காலியாக இருக்கும்.

அப்படி விழாமல் போனவர்தான் லூர்து அண்ணன். சுங்கச் சாவடியின் காவல்காரர், அங்கேயே பின்னறையில் சமைத்துச் சாப்பிட்டுக் குடியிருந்தவர். நான் படம் எடுத்தபோது பல் துலக்கிக்கொண்டே முற்றத்தில் உலாத்தினார். படத்தில் முற்றம் மட்டும் இருந்தது. அன்று மாலையிலிருந்து அவரால் உள்ளே போக முடியவில்லை. முன்வாசலில் கால் வைத்தால் கொல்லைப்புறச் சந்தில் போய் நிற்பார், சந்திலிருந்து பின்கதவைத் தள்ளினால் முன்வாசலில் சாலையைப் பார்த்து நிற்பார். படம் எடுத்தபோது படிக்கட்டில் தூங்கிக் கிடந்த செவலை நாய் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"வீடு என்னைய வெத்தல எச்சி மாதிரி துப்பிட்டுல்லா," என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்வார். என்னைக் கண்டால் இதையும் சேர்த்துக்கொள்வார்: "எம்மா கனி, நாய்க்கு உள்ள எடமிருக்கு, எனக்கு இல்ல. ஒரு சத்தம் குடுத்திருந்தா நானும் சொவரு மாதிரி நின்னிருப்பேம்லா?"

அவருக்காக இன்னொரு முறை படம் எடுத்தேன். அவரை வாசலில் நிறுத்தி, இமைகூட ஆட்டாமல் நிற்கச் சொல்லி எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பழைய படமே வந்திருந்தது, அதே முற்றம், அதே நாய், லூர்து அண்ணன் இல்லை. அலுவலகத்தில் முதல் நெகட்டிவை எரித்தும் பார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. ஒரு கட்டிடத்துக்கு ஒரு படம்தான் என்பதும், அந்தப் படத்தில் இல்லாதவருக்கு அந்தக் கட்டிடத்தில் இடமில்லை என்பதும் இப்படித்தான் வெள்ளலைக்குத் தெரிந்தது. மழை எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரிந்து வைத்திருப்பதுபோல ஊர் இதையும் தெரிந்து வைத்துக்கொண்டது.

நான் பிறந்து வளர்ந்தது உப்புக் கிடங்கில். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, பதினான்கு வளைவு வாசல், உள்ளே சாக்குப் படுதாவால் தடுத்துத் தடுத்து உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பங்கள் இருந்தோம். நிலம் புறம்போக்கு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களையும் அதே சொல்லால்தான் கூப்பிட்டார்கள். சாலை வரும் வழியில் கிடங்கும் இருந்தது. இடிக்க முடியாத கட்டிடம் பற்றித் தெரிந்ததும் கிடங்கு சனம் முழுவதும் என் வீட்டுச் சாக்குப் படுதாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது.

"போட்டோக்காரி, எங்களையும் ஒரு படம் புடி," என்றாள் பக்கத்துத் தடுப்பு சுடலைவடிவு. உப்பள வரப்பில் எதிரே வருகிற மேஸ்திரி ஒதுங்கி வழிவிடுகிற அளவுக்கு வாய் உள்ளவள். "பொறந்ததுல இருந்து ஒரு படம் புடிச்சதில்ல. கல்யாணத்துக்கும் புடிக்கல. எங் கெழவனையாவது சேத்துப் புடிச்சு வையி, அவன் வேற வீட்டுக்குப் போவ முடியாதுல்லா."

சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அன்று காலையில்தான் அலுவலகத்தில் என் மேலதிகாரி நளாயினி மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருந்தார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கிடங்கை இடிக்கப்போறதில்லை, கனி," என்றார். "சாலையைக் கொஞ்சம் வளைச்சுக்கலாம்னு முடிவாயிருக்கு. கிடங்கு பாரம்பரியச் சின்னமா நிக்கும். திங்கக்கிழமை பத்து மணிக்கு மேல போய்ப் படம் எடுத்துடு. எல்லாரும் உப்பளத்துல இருப்பாங்கல்ல? குழந்தைங்களை வேன் வச்சு எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடச் சொல்றேன்."

எனக்குப் புரிய நேரம் ஆனது. "மேடம், அப்புறம் யாருமே உள்ளே போக முடியாதே," என்றேன். "நம்ம ஆபீஸ் ஆட்கள்கூட."

"சின்னம்னா வெளியே நின்னு பார்க்கிறதுதானே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என் தோளைத் தொட்டுத்தான் சொன்னார். "போலீஸ் வேண்டாம், அழுகை வேண்டாம். கட்டிடம் அசையாச் சொத்து. ஆளுங்க அப்படி இல்லை, ஆளுங்க எங்கேயும் போகலாம். நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

இதைக் கிடங்கில் சொன்னபோது யாரும் கத்தவில்லை. என் அப்பாதான் முதலில் பேசினார். அப்பா பேச்சிமுத்து சாக்குப் படுதா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், அவருடைய கைகள் இரண்டும் அவர் மடியில் தம்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தன, தலையும் இல்லை இல்லை என்று சொல்வதுபோல ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு நடுக்குவாதம். உப்பு வாருகிற பலகையைப் பிடிக்க முடியாமல் போய்ப் பல வருடம் ஆகிறது.

"அப்ப நாம அசையுற சொத்தா?" என்றார். "சரித்தான், நான் நல்லாவே அசையுதேன்."

ஞாயிற்றுக்கிழமை விடியலில், திங்கட்கிழமைக்கு முந்திக்கொண்டு, சனத்தோடு சேர்த்துப் படம் எடுத்துவிடுவது என்று முடிவானது. என் வேலை போகும் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த வாரம் முழுவதும் உப்புக் கிடங்கு அசையாமல் இருக்கப் பழகியது. சோறு வடிக்கும் பெண்கள் கையில் தட்டோடு அப்படியே நின்று பார்த்தார்கள், சிறுவர்கள் தெருவில் சிலை விளையாட்டு விளையாடித் தோற்றவனை அடித்தார்கள், சண்டைக்காரப் புருசன் பெண்டாட்டி நடுச்சண்டையில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தபடி மூச்சை அடக்கினார்கள், பிறகு சண்டையைத் தொடர மறந்துபோனார்கள். உப்பளத்திலும் பழகினார்கள், பாத்திகளுக்கு நடுவே இத்தனை பேர் வெயிலில் நட்டுவைத்த கம்புபோல நிற்பதைப் பார்த்து மேஸ்திரி பயந்து வீட்டுக்குப் போய்விட்டார். கைக்குழந்தைகளை விடியலில் பால் கொடுத்துத் தூங்கவைப்பது, ஆடுகளைக் காலைக் கட்டிப் படுக்கவைப்பது, கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுவது என்று எல்லாம் தீர்மானமானது. சுவரில் இருந்த குழாயைத் திறந்து வைக்க வேண்டும் என்றாள் சுடலைவடிவு, அப்படியானால் என்றைக்கும் தண்ணீர் வரும் என்று. தண்ணீர் ஓடுகிற பொருள், படத்தில் விழாது என்றேன். கேட்கவில்லை. இப்போது அந்தக் குழாயைத் திறந்தால் புகைபோல வெள்ளையாக ஏதோ வருகிறது, குடத்தில் பிடித்தால் குடம் காலியாகவே இருக்கிறது. கோடையில் பிள்ளைகள் அதில் முகத்தைக் காட்டிக்கொள்கிறார்கள்.

அப்பாவை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"தூணோட சேத்துக் கட்டிருவமா?" என்று ஒருவர் கேட்டார். அம்மா எழுந்து நின்றாள். என் அம்மா சந்தனமாரி அதிகம் பேசாதவள். "அந்தக் கயித்துல மொதல்ல என்னையத் தூக்குங்க," என்றாள். கேட்டவர் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாதான் வழியும் கண்டுபிடித்தாள். தூங்கும்போது அப்பாவுக்கு நடுக்கம் நின்றுவிடும். இத்தனை வருடம் அவர் பக்கத்தில் படுத்தவளுக்குத்தான் அது தெரியும். சனிக்கிழமை இரவு முழுவதும் அவரைத் தூங்கவிடாமல் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து சீட்டும் ஊர்க்கதையும் போட்டு வைத்திருப்பது, விடியலில் எங்கள் வளைவுக்குள் தூணடியில் பாய் விரித்துப் படுக்கவைப்பது என்று ஏற்பாடு. "கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இத்தன பேரு தொணைக்கு இல்ல," என்று அப்பா மகிழ்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. நான் கிடங்குக்கு எதிரே முள்மரத்துக்குப் பக்கத்தில் மூன்று காலை ஊன்றி, துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கிடங்கு தலைகீழாகத் தொங்கியது, அதன் வளைவுகள் ஒவ்வொன்றிலும் எங்கள் சனம் வௌவால்கள்போலத் தொங்கியது. அப்பா முந்தின நாள் இதே கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எல்லாம் தலைகீழா நிக்கி, ஒரு பருக்கை உப்புகூடக் கொட்டலயே மக்கா," என்றிருந்தார். நான் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒவ்வொரு தலையாக எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். இன்னொரு முறை எண்ணினேன். இருந்தார்கள். அம்மா எங்கள் தூணில் சாய்ந்து நின்றாள், அவள் காலடியில் பாயில் அப்பா வாயைத் திறந்தபடி தூங்கினார், அவர் கைகள் இரண்டும் நெஞ்சின் மேல் வேறு யாருடைய கைகளோபோல அமைதியாகக் கிடந்தன. பிலிமைச் செருகினேன். "எல்லாரும் அப்படியே இருங்க," என்றேன். மூடியைக் கழற்றினேன்.

அப்படி ஓர் அமைதியை வெள்ளலை அதற்கு முன் கேட்டதில்லை. கடலே நின்றுவிட்டதுபோல இருந்தது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன், பாதிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும், அப்பா கண்ணைத் திறந்தார்.

திறந்து, என்னைத்தான் பார்த்தார். முள்மரத்துப் பக்கத்தில் கையில் மூடியோடு தனியாக நிற்கிற என்னை. அவர் முகம் மாறியது எனக்கு அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். பாயை ஊன்றி நின்றார். அம்மாவின் கண்கள் மட்டும் அவர் பின்னால் போயின. சனம் முழுவதும் பார்த்தது, ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் சத்தம் போடவில்லை. அவர் நடுங்கிக்கொண்டே, ஆடிக்கொண்டே, அந்த வெட்டவெளியைக் கடந்து என்னை நோக்கி நடந்து வந்தார். நான் மூடியை லென்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பாதியில் மூடினால் அத்தனை பேரும் பாதிதான் விழுவார்கள், குழந்தைகள், ஆடுகள், அம்மா, எல்லோரும். இன்னொரு படம் கிடையாது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வந்து சேர்ந்த பிறகும் எண்ணினேன். முடித்துத்தான் மூடினேன்.

"ஏம்ப்பா?" என்றேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. "படம் புடிக்கவ படத்துல இருக்க மாட்டால்லா," என்றார். "கோட்டிக்காரி, எல்லாரையும் எண்ணுன, ஒன்னய எண்ணுனியா?"

நான் எண்ணவில்லை. யாருமே எண்ணவில்லை. மூடியைக் கழற்றி மறுபடி மாட்ட லூர்து அண்ணனை நிறுத்தியிருக்கலாம், அவர் டீக்கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு தடவை சரிபார்க்கிற எனக்கும் தோன்றவில்லை.

அன்று மதியம் எங்கள் வளைவுக்குள் கால் வைத்தேன். உப்புக்காற்று முகத்தில் அடித்தது, நான் கொல்லைப்புறத்தில் ஓடைக்கரையில் நின்றேன். அப்பா பின்னாலேயே வந்து என் பக்கத்தில் நின்றார். "லூர்து சொன்னது சரிதான்," என்றார். "எச்சி மாதிரித்தான் இருக்கு."

திங்கட்கிழமை மேடம் ஜீப்பில் வந்தார், வளைவுகளில் சோறு வடித்துக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்தார், முள்மரத்தடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த எங்களையும் பார்த்தார். "உன்னை நீயே வெளியே தள்ளிக்கிட்டியே, கனி," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டதுபோல இருந்தது. கேமராவை வாங்கிக்கொண்டு போனார். சாலை கிடங்கைச் சுற்றி வளைந்து போனது. கிடங்கு சனம் இரண்டொரு மாதத்தில் இதற்கும் பழகிவிட்டது. எங்களுக்குச் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள், தார்ப்பாய்க்கு முன் உட்கார்ந்து பேசுவார்கள், இருட்டுவதற்குள் எழுந்து போவார்கள். "ஏ போட்டோக்காரி, ஒனக்குத்தான் காத்தோட்டம்," என்பாள் சுடலைவடிவு, சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். அம்மா பகலெல்லாம் எங்களோடு இருந்தாள். இரவும் இருக்கிறேன் என்றாள், அப்பாதான் போகச் சொன்னார், "கெடச்ச வீட்ட விடாத," என்று.

படத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகளும் உள்ளே போக முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வாசலில் நுழைந்த தாய் உள்ளே வெறுங்கையோடு நின்றாள், பிள்ளை அழுகிற சத்தம் ஓடைக்கரையிலிருந்து கேட்டது. பிறகு வந்த மருமகள்களும் அப்படித்தான். முள்மரத்தடியில் ஒவ்வொரு தார்ப்பாயாகக் கூடியது. அதற்கு வெளிக்கிடங்கு என்று பெயரும் வந்துவிட்டது.

அந்த மார்கழியில் அப்பா இறந்துபோனார். தார்ப்பாய்க்குள் தண்ணீர் புகுந்து, சளி பிடித்து, நாலு நாள் கிடந்து. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நடுக்கம் நின்றதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குள் கிடத்தி, விளக்கேற்றி, அங்கிருந்துதான் தூக்க வேண்டும் என்றாள் அம்மா. நான்கு பேர் தூக்கிக்கொண்டு வளைவுக்குள் போனார்கள். நான்கு பேரும் உள்ளே வெறும் தோளோடு நின்றார்கள், அப்பா ஓடைக்கரையில் ஈர மண்ணில் கிடந்தார். மறுபடி தூக்கினார்கள், மறுபடி கரையில் கிடந்தார். அம்மா போய் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அசையலயே," என்று தூணிடம் சொன்னாள். "பாரு, இப்ப அசையலயே. உள்ள விடேன்."

முள்மரத்தடியிலிருந்துதான் தூக்கினோம்.

நெகட்டிவை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், கேமராவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கழுவியபோது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். அம்மாவின் காலடியில் பாய் இருந்தது, பாயின் மேல் ஒரு ஆள் தூங்குகிறதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. உடம்பு வழியாகப் பாயின் கோரை தெரிந்தது. பாதி நேரம் அசையாமல் கிடந்ததால் பாதி விழுந்திருந்தார். அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நான் சொல்லாமலேயே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, படம் எடுத்த அன்று இரவிலிருந்தே தெரிந்திருக்கிறது, தூணடியில் அந்த இடத்தில் கையை வைத்தால் தரை வெதுவெதுப்பாக இருக்கிறது என்றும், காதை வைத்தால் மூச்சு கேட்கிறது என்றும் காரியம் முடிந்த அன்றுதான் என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பகலிலும் அதிகம் வெளியே வருவதில்லை.

நான் மாலைகளில் வாசல்வரை போவேன். படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் தூணுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத் தரை காலியாக இருக்கும். கிடங்கில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடப்பார்கள், ஆடுகூட.

"இன்னைக்கும் இருக்காவளாம்மா?"

"இருக்காவ."

"தூக்கமா?"

"நல்ல தூக்கம்."

"நடுக்கம்?"

அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அந்த வெறுந்தரையில் வெகுநேரம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அவள் கையை எடுக்கும்வரை நான் வெளியே அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

"இல்ல," என்பாள்.